இண்டைக்குப் பூட்டு

என் மகளுக்கு நான் சொன்ன பொய்களில் ஒன்றுக்கு மட்டும் ரசீது இருக்கிறது. ஒரு தரத்துக்கு 12 பவுண் 50 பென்ஸ். மொத்தம் பதினேழு தரம். வங்கிக் கணக்கில் திகதிவாரியாக நிற்கின்றன, சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வரிசையாக வரத் தயாராக.

தொடங்கியது 2021 ஓகஸ்டில். கொரோனாவால் ஒரு வருடம் பிந்திய டோக்கியோ ஒலிம்பிக். ஸ்கேற்போட் அந்த முறைதான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஸ்கை பிரவுண் என்ற பதின்மூன்று வயதுப் பிள்ளை, தாய் ஜப்பான், தகப்பன் பிரித்தானியா, எங்கள் நாட்டுக்காக இறங்கி முதல் இரண்டு ஓட்டத்திலும் விழுந்து, மூன்றாவதில் விழாமல் முடித்து வெண்கலம் எடுத்தாள். வெள்ளி எடுத்த ஜப்பான் பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. அன்று பின்னேரம் மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகளுக்கு வயது ஒன்பது. டீவியை விட்டுக் கண் எடுக்காமல் விரல்விட்டு எண்ணினாள். "இன்னும் நாலு வருசம் இருக்கு அப்பா" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு நான் செய்தது, எந்தத் தமிழ்த் தகப்பனும் செய்வது. அந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டுத் தேடினேன். 2020இல் கலிபோர்னியாவில் பயிற்சியின்போது உயரத்திலிருந்து விழுந்து மண்டையோடு முறிந்து, இடது கையும் மணிக்கட்டும் முறிந்து, ஹெலிகொப்ரரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். விழுந்த காணொளியும் இருந்தது. நான் அதை நாலு தரம் பார்த்தேன். பதக்கம் எடுத்ததை ஒரு தரம்தான் பார்த்தேன்.

ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லும் தகப்பன் பழைய காலத்து ஆள், நான் அப்படியில்லை என்று எனக்குள் ஒரு எண்ணம். அதனால் நிபந்தனை போட்டேன். "நல்ல ஸ்கேற் பார்க் ஒண்டு பாத்துப்போட்டுத்தான் போறது."

நல்லது என்று நான் எதை நினைத்தேன்? இப்போது நேர்மையாகச் சொன்னால், என்னைப் போன்ற தகப்பன்மார் சுற்றிவர நிற்கிற இடம். அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது வடமேற்கு லண்டனில், ஹரோவில். கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், புட்டுமா, முருங்கைக்காய், பரதநாட்டிய ரீச்சர் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். அதே நடந்து போகிற தூரத்தில், வீல்ட்ஸ்டோன் பக்கம், லெஷர் சென்ரருக்கு அருகில் ஒரு ஸ்கேற் பார்க்கும் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. 1978இல் கட்டியது. இங்கிலாந்தில் அந்தக் காலத்துச் சீமெந்துப் பார்க்குகள் பெரும்பாலும் மூடப்பட்டு இடிபட்டுப் போக, மிஞ்சிய ஒரு சிலவற்றில் ஒன்று.

செப்ரெம்பர், வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஏழு மணி. பிள்ளையைக் கூட்டிப் போகமுன் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று வேலை முடிந்து நேரே போனேன். யோசனை சரியானது. நேரம்தான் பிழை.

சாம்பல் நிறச் சீமெந்து. மேலே முழுக்க ஸ்பிரே பெயின்ற். தரையில் பெரிய பெரிய குழிகள், பாம்பு நெளிந்த மாதிரி ஒரு நீண்ட வாய்க்கால், குழாயை நெடுக்காகப் பிளந்து வைத்ததுபோல இன்னொன்று. விளிம்பில் ஏழெட்டுப் பொடியள். கஞ்சா மணம். ஒரு ஸ்பீக்கர் நெஞ்சுக்குள் இடித்தது. சேட் போடாத ஒருவன் பெரிய கிண்ணத்துக்குள் இறங்கினான், எதிர்ப்பக்கம் ஏறினான், பலகை ஒரு பக்கம் போக இவன் ஒரு பக்கம் போய் விழுந்தான். தேங்காய் விழுகிற சத்தம். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். விழுந்தவனும் மல்லாந்து கிடந்தபடி சிரித்தான். மணத்தைவிட, சத்தத்தைவிட, அந்தச் சிரிப்புத்தான் என்னைத் திருப்பி அனுப்பியது.

வீட்டுக் கதவைத் திறந்தால் மகள் ஹெல்மெற்றை மாட்டியபடி நிற்கிறாள். நான் பார்க்கத்தான் போனேன், அவள் போவதற்கே ஆயத்தமாகியிருந்தாள்.

"அது பூட்டிப்போட்டினம்" என்றேன். "திருத்த வேலையாம்."

சொல்லுமுன் நான் யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொன்னது. என் சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் கேணி கோடையில் வற்றிப்போகும். அதன் சரிவுகளில் பொடியள் ஓடி விளையாடுவார்கள். என்னை விடாமல் வைத்திருக்க, கேணிக்குள் முனி இருக்கிறது என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். பத்து வயது மட்டும் நம்பினேன். முனிக்கு லண்டன் விசா கிடைக்காது என்பதால் நான் திருத்த வேலை என்றேன்.

பிறகு நல்ல பார்க் தேடும் படலம். கிழக்கு லண்டனில் விக்ரோறியா பார்க்கைப் பிடித்தேன். பென்னாம்பெரிய பூங்கா, குளம், வாத்து, கோப்பிக்கடை. ஸ்கேற் பார்க்கும் பழுதில்லை. இலவசம், வழுவழுப்பான சீமெந்து, பயப்படாமல் பழகத் தாழ்ந்த மேடுகள். ஞாயிறு காலையில் சுற்றிவரத் தகப்பன்மார் கோப்பிக் கோப்பையோடு நின்றார்கள். எனக்கு மனம் நிறைந்தது. என்ன, நோர்த் சேர்க்குலரில் நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணித்தியாலம். நெரிசல் இருந்தால் கேட்கவேண்டாம்.

அந்த வருடம் ஒக்ரோபர் 25ஆம் திகதியில் இருந்து புகைக் கட்டண எல்லையை நோர்த் சேர்க்குலர் வரைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். பழைய டீசல் கார் அந்த எல்லைக்குள் போனால் ஒரு நாளைக்கு 12.50. என் கார் பழைய டீசல். ஹரோ அப்போது எல்லைக்கு வெளியே, விக்ரோறியா பார்க் உள்ளே. ஞாயிறென்றாலும் விடுமுறை கிடையாது. ஒருமுறை கட்ட மறந்து வீட்டுக்குத் தண்டக் கடிதமும் வந்தது. கடிதத்தை மனைவி கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன். பொய் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக முளைக்கும்.

மகள் அவ்வப்போது கேட்பாள். "எங்கட பார்க் இன்னும் திருத்தி முடியேல்லையா?" அவள் அதை ஒருநாளும் கண்டதில்லை, ஆனால் "எங்கட பார்க்" என்றுதான் சொல்வாள். "இன்னும் இல்லை" என்பேன். ஒருமுறை, இப்போது நினைத்தால் கூசுகிறது, "கவுன்சிலிட்டைக் காசில்லை" என்று கூடச் சொன்னேன்.

விக்ரோறியா பார்க்கில் நான் செய்த அடுத்த பிழைக்கு ரசீது இல்லை. அதை ரியூசன் ஆக்கினேன். ஒரு கொப்பி வாங்கி, இந்தக் கிழமை இது, அடுத்த கிழமை அது என்று எழுதினேன். தள்ளி ஓடுதல், திரும்புதல், சின்னச் சரிவில் இறங்குதல், விளிம்பில் இருந்து குதித்து இறங்குதல். போனில் நேரம் வைத்தேன். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறம், வாங்கில இருந்து கதைக்கவோ வந்தனாங்கள்?" என்று ஒருநாள் கத்தினேன். அவள் அங்கே ஒரு பிள்ளையோடு பழகத் தொடங்கியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஒருவர் ஓடுவதை ஒருவர் பார்த்து, பேசி, விழுந்து, மறுபடி பார்த்துப் பழகினார்கள். என் பிள்ளை என்னைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். நானோ ஸ்கேற்போட்டில் ஒருநாளும் ஏறாதவன்.

விளிம்பில் இருந்து இறங்குவது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பலகையின் வாலை விளிம்பில் வைத்துப் பின்காலால் மிதித்து நிற்கவேண்டும். மிச்சப் பலகை முழுக்க வெறுவெளியில். முன்காலை முன் ஆணிகளுக்கு மேல் வைத்து, உடம்பு முழுவதையும் ஒரேயடியாக முன்னுக்குச் சாய்த்து, முன்சில்லு சரிவில் அடிக்கிற மாதிரி மிதிக்கவேண்டும். பயந்து பின்னுக்குச் சாய்ந்தால் பலகை முன்னுக்குப் பறக்கும், பிடரி பின்னுக்குப் போகும். அதாவது பயம் சொல்வதைக் கேட்டால்தான் விழுவோம். என் மகள் அந்த விளிம்பில் பத்து மாதம் நின்றாள். நான் பக்கத்தில் நின்று "கவனம், கவனம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இடையில் ஒருமுறை மழைநாளில் பேக்கர்லூ ரெயினில் சவுத் பாங்க் கூட்டிப் போனேன். ஹரோ அன்ட் வீல்ட்ஸ்டோனில் ஏறினால் வோட்டர்லூவில் இறங்கலாம், மாறவே தேவையில்லை. தேம்ஸ் கரையில் குயீன் எலிசபெத் ஹோலுக்கு அடியில், தூண்களுக்கு நடுவில், 1970களில் இருந்து பொடியள் ஓடுகிற இடம் அது. அதை யாரும் ஸ்கேற் பார்க்காகக் கட்டவில்லை. கட்டடக்காரர் விட்டுப்போன சும்மா இடம். 2013இல் கடைகள் போட அவர்களைக் கிளப்பப் பார்த்து, பெரிய போராட்டம் நடந்து, 2014இல் அங்கேயே இருக்கலாம் என்று முடிவானது. மேலே கூரை, மழை பிரச்சினையில்லை. பயணிகள் வேலியில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். மகள் வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தாள். வரும்போது ரெயினில் சொன்னாள்: "அங்க ஒருத்தரும் கொப்பி வைச்சிருக்கேல்லை."

2022 யூன். வெள்ளிக்கிழமை இரவு. புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். மாமி எங்களோடுதான் இருக்கிறார். சீனி வருத்தம் என்பதால் காலமை வெள்ளன நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். நீத்துப்பெட்டியைக் கோப்பையில் கவிழ்த்துத் தட்டியபடி மாமி சொன்னார்:

"இண்டைக்கு அந்தக் கேணியடியில ஒரு சின்னப் பெட்டை. எங்கட பிள்ளையின்ர வயதுதான் வரும். இறங்கி ஏறுறாள், எனக்கெண்டால் பாக்க நெஞ்சு பதறுது."

"எந்தக் கேணி அம்மம்மா?"

"உங்க, லெஷர் சென்ரரடியில. தண்ணியில்லாத கேணி. சீமெந்தால கட்டி வைச்சிருக்கிறாங்கள். பொடியள் பலகையில சறுக்குறவங்கள் எல்லோ."

மகள் என்னைப் பார்க்கவில்லை. அம்மம்மாவைப் பார்த்தே கேட்டாள். "அது பூட்டெல்லோ?"

"ஆர் சொன்னது? நான் ஒருநாளும் பூட்டிக் காணேல்லை. நாலைஞ்சு மாதமா அந்த வாங்கிலதான் இருந்து மூச்சு வாங்கிப்போட்டு வாறனான்."

மனைவி என் முன்னால் ஒரு குவளை தண்ணீர் வைத்தார். எனக்கு விக்கவில்லை.

மகள் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறுகிறவள். அன்று மாறவில்லை. "அப்பா, எத்தனை தரம் எனக்குப் பொய் சொன்னீங்கள்?"

"ரெண்டு மூண்டு" என்றேன். அதுவும் பொய். அன்றிரவு அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னாள். புகைக் கட்டணம் என்று தேடினோம். பதினேழு வந்தது. கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி, மனதால் பெருக்கினாள். 212 பவுண் 50 பென்ஸ். "பொய்க்கு இவ்வளவு கட்டினீங்கள். உண்மைக்கும் அவ்வளவு கட்டுங்கோ" என்று, ஒழுங்கான பலகை, முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் வாங்கித் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். மாமி கதவடியில் நின்று, "தெண்டம் கட்டத்தான் வேணும் தம்பி" என்றார்.

அந்தத் தெண்டத்தால் நான் ஒன்று கற்றேன். அதுவரை அவள் ஓடியது விளையாட்டுச் சாமான் தட்டில் நான் வாங்கிய மலிவுப் பலகையில். சில்லைக் கையால் சுண்டிவிட்டால் அரைச் சுற்றோடு நின்றுவிடும். ஒழுங்கான பலகையின் சில்லைச் சுண்டினால், நீங்கள் தேத்தண்ணி ஒரு மிடறு குடித்துவிட்டுத் திரும்பும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். பத்து மாதமாகப் பிள்ளைக்குத் துணிவில்லை என்று நினைத்தேன். பாதிக் குற்றம் சில்லில்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னம், காலை ஏழரைக்குப் போனோம். நடந்தே. பன்னிரண்டு நிமிடம்.

முதல்நாள் மழை. கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர், முழங்கால் காப்போடு, பழைய துவாயும் வாளியும் நீளத் தும்புத்தடியுமாக உள்ளே நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. விளிம்பில் கிடந்த இரண்டாவது தும்புத்தடியைக் கண்ணால் காட்டினார். முற்றம் கூட்டிய கை. நான் சப்பாத்தோடு சறுக்கிக்கொண்டு இறங்கி, இலையும் சேறும் தண்ணீருமாக வழித்துத் தள்ளத் தொடங்கினேன். உள்ளே நின்று பார்த்தபோதுதான் அந்தக் குழியின் வடிவு தெரிந்தது. எங்கேயும் ஒரு மூலை இல்லை. கால் வைத்த இடமெல்லாம் மெல்ல நடுவுக்கே கொண்டு வந்து சேர்த்தது.

மாமி கேணி என்று சொன்னது எவ்வளவு சரி என்பதைத் தாடிக்காரர் வேறு பாசையில் சொன்னார். 1970களின் நடுவில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் தடாகங்களை வெறுமையாக விட்டுவிட்டார்கள். கடல் அலையில் பலகை ஓட்டிப் பழகிய பொடியள் வேலி ஏறிக் குதித்து, அந்தத் தண்ணியில்லாத தடாகங்களில் அலைபோல ஓடத் தொடங்கினார்கள். யூரித்தேன் சில்லு வந்த காலமும் அதுதான். அதற்கு முன் இருந்த களிமண் கலவைச் சில்லு சுவரைப் பிடிக்காது. அந்தப் பைத்தியம் கடல் தாண்டி வந்ததும், இங்கேயும் காசு பார்க்கலாமென்று தடாகத்தின் வடிவிலேயே சீமெந்தில் கட்டினார்கள். ஹரோ அப்படி வந்தது. கிழக்கே ஹோர்ன்சேர்ச்சில் இருக்கும் றொம் பார்க்கும் இதே 1978, இதே கட்டடக்காரர். றொம்மை 2014இல் அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பதிந்தது. ஐரோப்பாவில் அப்படிப் பதியப்பட்ட முதல் ஸ்கேற் பார்க். நாங்கள் மழைத்தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது அதன் கூடப்பிறந்ததில்.

தாடிக்காரர் முதல் கோடையிலேயே காசு கட்டி உள்ளே வந்தவராம், பதின்மூன்று வயதில். கட்டணம் வாங்கிய கம்பனி போய், இப்போது எல்லாருக்கும் இலவசம். அவர் மட்டும் போகவில்லை.

மகளின் புதுப் பலகையை வாங்கிக் கவிழ்த்து, சில்லில் நகத்தால் அழுத்திப் பார்த்தார். "இது இங்கே சரிவராது" என்றார். புதுப் பார்க்குகளின் வழுவழுப்புக்கு வன்சில்லு சரி. நாற்பது வருட மழையும் பனியும் தின்ற இந்தச் சீமெந்து சொரசொரப்பானது, ஒவ்வொரு பருக்கையும் கணுக்காலுக்கு ஏறும். மெதுசில்லு வேண்டும். தன் பையைக் கிண்டி, மஞ்சள் நிறத்தில் நாலு பழைய சில்லு எடுத்து அங்கேயே மாற்றிக் கொடுத்தார். அடுத்ததாகச் சொன்னது எனக்குத்தான்: இந்த வருடம் பெரிய கிண்ணத்துக்குள் இவளை விடாதே.

அதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. கட்டுப்பாடே இல்லாத இடம் என்று நான் ஓடிய இடத்தில், யார் எதற்குள் இறங்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. ஒருவர் உள்ளே ஓடும்போது மற்றவர் இறங்கக்கூடாது. முறை வரும்வரை விளிம்பில் நிற்கவேண்டும். இடையில் புகுந்தால் "பாம்பு" என்பார்கள். சின்னப் பிள்ளை விளிம்பில் நின்றால் முறை கொடுக்கவேண்டும், ஆனால் விளிம்பிலேயே இருந்து பிஸ்கற் தின்றால் எழுப்பிவிடுவார்கள். அன்று காலை எட்டரைக்கு அங்கே நின்றவர்கள்: ஐம்பது தாண்டிய நாலு பேர், ஒரு தாய், ஒரு தகப்பன், ஐந்து பிள்ளைகள். மாமி கண்ட அந்தப் பெட்டையும் அதில் ஒன்று. பின்னேரம் ஏழு மணிக்கு வந்து நான் கண்டது இந்த இடத்தையே அல்ல.

ஆனால் பின்னேரப் பொடியள் எல்லாம் தங்கக்கட்டி என்று எழுதி முடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. கஞ்சா மணம் இப்போதும் வரும். என் மகளுக்குத் தெரிந்த தூசணத்தில் முக்கால்வாசி அங்கே படித்ததுதான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் பிழையாக விளங்கியிருந்தேன். பிறகு பல நாள் நின்று பார்த்தேன். விழுந்தவன் அசைந்தால்தான் சிரிக்கிறார்கள். அசையாவிட்டால் ஒரு நொடியில் அந்த இடம் அடங்கிவிடும். பாட்டு நிற்கும். எல்லாப் பலகையும் கீழே போடப்பட்டிருக்கும், எல்லோரும் குழிக்குள் நிற்பார்கள். சிரிப்பு அவர்களுக்கு, ஒன்றுமில்லை என்று பக்கத்து ஆளுக்குச் சொல்லும் சேதி.

அவள் விளிம்பில் இருந்து முதன்முதலாக இறங்கியது மூன்றாவது சனிக்கிழமை. நான் அதைக் காணவில்லை. தாடிக்காரர் என்னைப் பாம்பு வாய்க்காலின் மறுமுனைக்கு இலை கூட்ட அனுப்பியிருந்தார், வேண்டுமென்றே என்று பிறகுதான் விளங்கியது. திடீரென்று டக் டக் டக் என்று மரம் சீமெந்தில் அடிக்கிற சத்தம். சண்டை என்று நினைத்துத் தும்புத்தடியோடு ஓடிவந்தேன். எல்லோரும் பலகையின் வாலை விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குக் கைதட்டு அதுதானாம். நடுவில் என் பிள்ளை, நின்ற நிலையில், வாய் முழுக்கப் பல்லாக. மாமி வாங்கில் இருந்து தேத்தண்ணிப் போத்தலின் மூடியால் பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்.

மாமிக்கும் இதில் பாகம் உண்டென்பதால் அவர் கதையையும் கொஞ்சம். மகள் ஒருநாள் மாமிக்கு ஒரு குறும்படம் போட்டுக் காட்டினாள். பிரித்தானிய பாஃப்டா விருதுக்கு 2020இல் பரிந்துரைக்கப்பட்ட குறும்படங்களில் ஒன்றான 'கமலி'. மாமல்லபுரத்தில் கடற்கரையோரம் வளர்ந்த, ஸ்கேற்போட் ஓட்டுகிற ஒரு தமிழ்ப் பிள்ளையையும் அவள் தாயையும் பற்றியது. அந்தக் கமலி சட்டை போட்டு வெறுங்காலோடு சரிவில் இறங்கும் படத்தை பேர்போன ஸ்கேற்போட்காரர் டோனி ஹோக்கே பகிர்ந்திருந்தார் என்று மகள் சொல்ல, டோனி ஹோக் ஆர் என்று மாமி கேட்க, அரை மணித்தியாலம் வகுப்பு நடந்தது. குறும்படத்தைப் பார்த்து முடித்துவிட்டு மாமி ஸ்கேற்போட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தாய்க்காரி பாவம், தனிய நிண்டு வளத்திருக்கிறாள்" என்றார். பிறகு, "ஆனா விட்டிருக்கிறாள்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது தெரிந்த ஆட்கள் எனக்குத்தான் போன் எடுக்கிறார்கள். "அண்ணை, பிள்ளை கேக்குது, நல்ல ஸ்கேற் பார்க் எது?" நான் திருப்பிக் கேட்பது, எத்தனை மணிக்குப் போகப் போகிறீர்கள் என்று. லண்டனில் ஒரே பார்க் காலையில் ஒரு ஊர், பின்னேரம் இன்னொரு ஊர். சனி ஞாயிறு காலை ஒன்பதுக்கு முன்னம் போங்கள். முதல் தரம் பிள்ளை இல்லாமல், ஆனால் பிள்ளையைக் கூட்டிப் போகப்போகிற அதே நேரத்தில் போங்கள். சரிவைப் பார்க்க வேண்டாம், விளிம்பைப் பாருங்கள். முறைக்கு நிற்கிறார்களா? உங்கள் பிள்ளையின் உயரத்தில் ஒன்றாவது நிற்கிறதா? பிறகு கழிவறை எங்கே என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஒன்பது வயதுப் பிள்ளையோடு மூன்று மணித்தியாலம் நிற்கப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை. ஹரோவில் பக்கத்திலேயே லெஷர் சென்ரர் இருப்பதை நான் பத்துப் புள்ளி போட்டு மதிப்பேன். மழை பெய்த அன்று போகவேண்டாம், போனால் துவாய் கொண்டு போங்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிற பிள்ளை என்றால் முன்னமே சொல்லி வையுங்கள், பலகைக்காரருக்கும் ஸ்கூட்டர்காரருக்கும் மாமியார் மருமகள் உறவு.

முதல் நாளே ஹரோ போங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பழகத் தொடங்குகிற பிள்ளைக்கு 1978ஆம் ஆண்டுச் சரிவுகள் வன்மையானவை. விக்ரோறியா பார்க் போன்ற புதிய இடம்தான் காலுக்குச் சுகம். ஆகவே அந்தப் பதினேழு பயணமும் வீண் என்று சொல்ல மாட்டேன். இதை மகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "உண்மையைச் சொல்லியும் அங்க போயிருக்கலாம் அப்பா" என்றாள். அதற்கு மறுமொழி இல்லை.

ஆட்கள் கட்டாயம் கேட்கிற இன்னொரு கேள்வி, எலும்பு முறிந்ததா என்று. முறிந்தது. 2023இல், இடது மணிக்கட்டு. ஸ்கேற் பார்க்கில் அல்ல, எங்கள் வீட்டு விறாந்தையில். கம்பளத்துக்கு மேல் பலகையை வைத்து ஏறி நின்று, எட்டி அலுமாரித் தட்டில் இருந்த பலகாரப் பேணியை எடுக்கப் பார்த்திருக்கிறாள். ஹெல்மெற் இல்லை, காப்பு இல்லை. நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. கொப்பியை எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. ஒலிம்பிக் என்ற பேச்சு அவளிடம் இல்லை. நான் எடுத்தால் அறையை விட்டுப் போய்விடுவாள். சனிக்கிழமைக் காலையில் இல்லை, பின்னேரத்தில்தான் போகிறாள், தன் கூட்டாளிப் பெட்டைகளோடு, அந்த ஏழு மணி ஊருக்கு. நான் காலமைக்காரன் ஆகிவிட்டேன். தாடிக்காரருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, நாங்கள் இரண்டு பேரும் இப்போது கூட்டுவது மட்டும்தான்.

போன கிழமை வேலை முடிந்து வந்தபோது அவள் கதவடியில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில், துளி மழையில்லை. கன நாளாய் அவள் ஓடுவதைப் பார்க்கவில்லையே என்று, "நானும் வரட்டே?" என்று கேட்டேன்.

பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் சொன்னாள்:

"இண்டைக்குப் பூட்டு அப்பா. திருத்த வேலையாம்."

குசினிக்குள் மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எப்ப திறப்பினம்?" என்று கேட்டேன்.

"கவுன்சிலிட்டைக் காசில்லை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.